எரிவாயு விளக்கில் சுடர் அணைந்தால் வாயுவை நிறுத்தும் தானியங்கி வால்வு: பழையதையே வைத்துக்கொள்ளலாமா?

பழம்விளக்கு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பழைய கட்டடம் ஒன்றின் முகப்பில் நெடுங்காலமாக அணைந்தே கிடக்கும் எரிவாயு விளக்கை மீண்டும் எரியவைக்கும் பணியை ஏற்றிருக்கிறேன். நிலக்கரி வாயுவுக்கென்று செய்யப்பட்ட இந்த விளக்கை இனி எல்பிஜி சிலிண்டரில் இணைப்பதாகத் திட்டம். குழாய், பர்னர், மேண்டில் (சுடரின் சூட்டில் ஒளிவிடும் வலை) தாங்கி ஆகியவை பற்றி எனக்குக் குழப்பம் இல்லை. பர்னருக்குச் சற்றுக் கீழே, வாயுக் குழாயின் நடுவில் பொருத்தப்பட்டிருக்கும் சிறு பித்தளைக் கூடுதான் புரியவில்லை.

அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மேலிருந்து இறங்கி வரும் ஒரு வளைந்த உலோகப் பட்டை ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் சாம்பல் நிறமாகவும் இருக்கிறது. அதன் மேல்முனை சுடரின் ஓரத்தைத் தொடும் உயரத்தில் நிற்கிறது. கீழ்முனை ஒரு சிறு நெம்புகோலைத் தள்ளுகிறது. நெம்புகோலின் மறுமுனையில் தோல் வில்லை பதித்த வால்வும், அந்த வால்வை அதன் இருக்கையோடு சேர்த்து அழுத்தும் மெல்லிய சுருள்வில்லும் உள்ளன. கூட்டின் வெளியே ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் வால்வு திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது.

சுடர் அணைந்தால் வாயுவைத் தானாகவே நிறுத்துவதற்கான ஏற்பாடு இது என்று ஊகிக்கிறேன். ஆனால் கையால் திருகும் குழாய் ஏற்கெனவே இருக்கும்போது, இத்தனை நுணுக்கமான ஒன்றை அந்தக் காலத்தவர் எதற்காகச் சேர்த்தார்கள் என்பது விளங்கவில்லை. இதைத் துடைத்துச் சீர்செய்து அப்படியே பயன்படுத்தலாமா, அல்லது இக்கால தெர்மோகப்பிள் (சூட்டிலிருந்து சிறு மின்சாரம் தரும் உணரி) வால்வாக மாற்றிவிட வேண்டுமா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நெம்புகோல்

உங்கள் ஊகம் சரியானது. சுடரின் வெப்பமே வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. வெப்பம் போனதும் சுருள்வில் அதை மூடிவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, எந்த வேலையை எதனிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்பதைத்தான். திறந்து வைப்பது வெப்பத்தின் வேலை, மூடுவது வில்லின் வேலை. ஆகவே பட்டை முறிந்தாலும் நெம்புகோல் கழன்றாலும் வால்வு மூடிய நிலைக்கே போகும். வெப்பம் குறைந்தால் பட்டை வால்வை இழுத்து மூட வேண்டும் என்று அமைத்திருந்தால், பட்டை முறிந்த நாளிலிருந்து வால்வு திறந்தே கிடந்திருக்கும். அதை ஒருவரும் அறிந்திருக்கவும் மாட்டார்கள்.

இருநிறப் பட்டை ஏன் என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும். பித்தளை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 19 பங்கு விரிகிறது. எஃகு ஏறத்தாழ 12 பங்கு. எஃகுச் சட்டத்துக்குள் 100 மி.மீ. நீளமுள்ள பித்தளைத் தண்டை நேராகப் பொருத்தி, இரண்டையும் 200 பாகை சூடாக்கினால் கிடைக்கும் நீள வித்தியாசம் வெறும் 0.14 மி.மீ. அதைக் கொண்டு ஒரு வால்வை ஒழுங்காகத் தூக்க முடியாது. தூக்கினாலும், இருக்கையில் ஒட்டிய ஒரு தூசியே அந்த நகர்வை விழுங்கிவிடும். அதே இரு உலோகங்களை முதுகோடு முதுகாக ஒட்டி, 50 மி.மீ. நீளமும் 1 மி.மீ. தடிமனும் கொண்ட பட்டையாக்கி, அதே 200 பாகை சூடாக்கினால் அதன் முனை இரண்டரை மி.மீ. அளவுக்கு வளையும். நீளம் பாதியாகியும் நகர்வு பதினேழு, பதினெட்டு மடங்கு கூடிவிடுகிறது. அந்த வளைவைத்தான் உங்கள் கூட்டில் உள்ள நெம்புகோல் வாங்கிக்கொள்கிறது.

பொத்தான் எதற்கு என்றால், விளக்கு குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியே இருக்கும். வாயு வராமல் சுடர் இல்லை, சுடர் இல்லாமல் வால்வு திறக்காது. அந்தச் சிக்கலை அவிழ்க்கத் தொடக்கத்தில் மனிதக் கை தேவைப்படுகிறது. பட்டை சூடேறும் வரை பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் அந்தப் பொத்தானைக் கம்பியால் கட்டிவிட்டுப் போய்விட்டால் முழுச் சாதனமும் வெறும் அலங்காரம்தான். பொத்தானின் கழுத்தைச் சுற்றித் தேய்ந்த கோடு ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள்.

கைக்குழாய் இருந்தும் இது ஏன் வேண்டியிருந்தது என்று கேட்டிருந்தீர்கள். பொறியாளர் வில்லியம் மர்டாக் 1792இல் இங்கிலாந்தில் கார்ன்வாலின் ரெட்ரூத்தில் தம் வீட்டை நிலக்கரி வாயுவால் ஒளியூட்டினார். 1812இல் லண்டனில் வாயு விளக்குக்கென்று நிறுவனமே தோன்றிவிட்டது. ஆனால் மெழுகுவத்தியையும் எண்ணெய் விளக்கையும் ஊதி அணைத்துப் பழகியவர்கள் அதன் பிறகும் பல தலைமுறைகளுக்கு இருந்தார்கள். விடுதி அறையில் தங்கியவர் வாயு விளக்கையும் வாயால் ஊதி அணைத்துவிட்டுப் படுத்து, உறக்கத்திலேயே இறந்துபோன நிகழ்வுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் திரும்பத் திரும்ப நிகழ்ந்தன. வாயுவை ஊதி அணைக்காதீர்கள் என்று விடுதிகள் சுவரில் எழுதி ஒட்டும் அளவுக்கு அது சாதாரணமாகிவிட்டது. நிலக்கரி வாயுவிலேயே கார்பன் மோனாக்சைடு இருந்தது. பின்னர் பல நகரங்களில் வழங்கப்பட்ட, எண்ணெய் ஆவி சேர்த்த நீர்வாயுவில் (சூடான கரிமேல் நீராவியைச் செலுத்திப் பெறும் வாயு) அதன் பங்கு ஏறத்தாழ 30 விழுக்காடு. அந்த வாயு நிறைந்த அறையில் தீப்பொறியே தேவையில்லை, மூச்சே போதும்.

கைக்குழாயும் முழுமையான காவல் அன்று. நிறுத்தும் ஆணி இல்லாத பழைய குழாய்களில் கைப்பிடியைச் சற்று அதிகமாகத் திருப்பினால், மூடிய நிலையைக் கடந்து மறுபக்கம் மீண்டும் திறந்துகொள்ளும். இருட்டில் அதைக் கவனிப்பவர் யார்?

உங்கள் சாதனத்தின் காலத்தையும் ஓரளவு கணிக்கலாம். மேண்டிலுக்கு முந்தைய விளக்குகளில் சுடரே மஞ்சளாக ஒளிவிட்டது. அதில் உலோகப் பட்டையை நீட்டினால் கரி படிந்து சில நாள்களில் மந்தமாகிவிடும். ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1885இல் மேண்டிலுக்குக் காப்புரிமை பெற்று, 1891இல் தோரியம் ஆக்சைடு 99, சீரியம் ஆக்சைடு 1 என்ற விகிதத்தை எட்டிய பிறகே நீலச் சுடரில் எரியும் விளக்குகள் பரவின. மேண்டில் பர்னரோடு சேர்த்தே இந்தப் பட்டை வடிவமைக்கப்பட்டிருந்தால், அது அதற்குப் பிந்தையது. என்னைக் கேட்டால், சுத்தம் செய்து இயக்கத்தில் வைக்கத் தகுந்த அருமையான வேலைப்பாடு இது.

எரிமுனை

நெம்புகோல் அவர்கள் இயக்கத்தை மிகத் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஆயினும் அவருடைய கடைசி வரியோடு நான் உடன்படவில்லை. வாயு பர்னர்களைப் பராமரிப்பதே என் தொழில். இந்தச் சாதனத்தை எல்பிஜியில் காவலாக நம்பி விடுவதை நான் ஏற்கமாட்டேன். அதன் வயதை முன்னிட்டு இதைச் சொல்லவில்லை. வாயு மாறுகிறது என்பதே காரணம்.

முதலில் அழுத்தத்தைப் பாருங்கள். நிலக்கரி வாயு விளக்குகள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு அங்குல நீர்மட்ட அழுத்தத்தில், அதாவது 5 முதல் 10 மில்லிபார் வரை எரிந்தவை. எல்பிஜி ரெகுலேட்டர் ஏறத்தாழ 30 மில்லிபாரில் தருகிறது. வால்வு இருக்கையின் துளை 6 மி.மீ. என்று கொண்டால், பழைய அழுத்தத்தில் வாயு அந்த வால்வைத் தூக்க முயன்ற விசை சுமார் 2 கிராம் எடைக்குச் சமம். இப்போது அது 8 கிராமைத் தாண்டும். வாயு வரும் திசை வால்வை இருக்கையோடு சேர்த்து அழுத்துவதாக அமைந்திருந்தால் கவலையில்லை, அழுத்தமே மூடுவதற்குத் துணை செய்யும். கீழிருந்து மேலாகத் தூக்கும் அமைப்பாக இருந்தால், நீங்கள் மெல்லியது என்று வர்ணித்த அந்தச் சுருள்வில் வால்வைப் பிடித்து வைக்கப் போதாமல் போகலாம். அப்போது சுடர் அணைந்து, பட்டை குளிர்ந்து, நெம்புகோல் விலகிய பிறகும் வாயு கசிந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது அந்தத் தோல் வில்லை. பழைய தோல் எண்ணெய்ப் பதம் இருக்கும் வரைதான் இருக்கையோடு பொருந்தும்; காய்ந்த தோல் மரத்தைப் போன்றது. அதற்குப் பதிலாகச் சாதாரண இயற்கை ரப்பரை வெட்டிப் போடும் எண்ணம் இருந்தால் அதையும் கைவிடுங்கள், எல்பிஜியில் அது ஊறி உப்பி உருக்குலையும். நைட்ரைல் ரப்பரே இதற்கு ஏற்றது.

மூன்றாவதாக, வாயு எங்கே போகிறது என்பது. நிலக்கரி வாயு காற்றைவிட மிகவும் இலேசானது, கசிந்தால் விளக்கைச் சூழ்ந்த கண்ணாடிக் கூண்டின் மேல்துளை வழியே வெளியேறிவிடும். எல்பிஜியில் உள்ள புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனமானது, கண்ணாடிக் கூண்டின் அடியில் தேங்கும். 600 வாட் அளவில் எரியும் ஒரு விளக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.4 லிட்டர் புரொப்பேனைச் செலவிடும். தீப்பற்றும் தாழ்ந்த எல்லை காற்றில் சுமார் 2.1 விழுக்காடு என்பதால், எரியாமல் வெளிவரும் ஒரு நிமிட வாயு 18 லிட்டருக்கும் மேற்பட்ட தீப்பற்றும் கலவையை உண்டாக்கப் போதும். தெருவிளக்கின் கூண்டுக்கு அது சிறிய அளவன்று. உங்கள் பட்டை குளிர்ந்து வளைவு நீங்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை நீங்கள் இன்னும் அளக்கவில்லை; தடித்த பட்டையும் அதைச் சூழ்ந்த கனமான பித்தளையும் சேர்ந்தால் அது நிமிடங்களாக நீளலாம்.

தெர்மோகப்பிளிலும் தாமதம் உண்டு, ஆனால் அது அளந்து வரையறுக்கப்பட்ட தாமதம். பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் மூடிவிடும். இவ்வகைச் சாதனங்களுக்கென்றே ஐரோப்பாவில் இஎன் 125 என்ற தரநிலை இருக்கிறது. இதன் அடிப்படை 1821இல் சீபெக் கண்டறிந்த விளைவுதான். இரு வேறு உலோகங்கள் சேரும் முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருந்தால் மின்னழுத்தம் பிறக்கிறது. சுடரில் நிற்கும் முனை தருவது 20 முதல் 30 மில்லிவோல்ட் வரைதான். அவ்வளவு சிறிய மின்சாரத்தால் வால்வை இழுத்துத் திறக்க இயலாது. ஏற்கெனவே கையால் அழுத்தித் திறந்த வால்வை மின்காந்தத்தோடு ஒட்டியபடி பிடித்து வைக்க மட்டுமே முடியும். அதனால் இங்கேயும் பொத்தானை அழுத்திப் பிடிக்கும் வேலை தொடர்கிறது. அது குறையாகத் தோன்றினாலும் அதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. ஒருமுறை விட்ட வால்வை அந்த மின்காந்தத்தால் தானாக மறுபடி திறக்கவே முடியாது.

பழம்விளக்கு

இருவருக்கும் நன்றி. பொத்தானின் கழுத்தில் கம்பி கட்டிய தடம் உண்மையாகவே இருக்கிறது. வாயு வரும் திசையையும் பார்த்தேன், வால்வைத் தூக்கும் திசையாகத்தான் அமைந்திருக்கிறது. ஆகவே தெர்மோகப்பிளுக்கு மாறுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் அதைச் செயல்படுத்துவதில் இரண்டு இடர்ப்பாடுகள் தெரிகின்றன. விளக்கில் இரண்டு மேண்டில்கள் அருகருகே உள்ளன. மேண்டில் எரிந்த பின் வெறும் சாம்பல் வலைதான். அதற்குள் தெர்மோகப்பிள் முனையை நீட்டினால் உடைந்துவிடும். வெளியே ஒரு மேண்டிலின் பக்கத்தில் வைத்தால், மற்றது அணைந்ததை அது அறியாது. மேலும், நவீன பர்னர்களில் சுடரின் வழியே மின்னோட்டம் பாய்கிறதா என்று பார்க்கும் முறை உண்டு என்று படித்தேன். அது உடனடியாகச் செயல்படும் என்றால் அதையே வைத்துவிடலாமே?

பித்தளைத்திருகு

இரண்டாவது கேள்விக்கு முதலில் சுருக்கமாக விடை தருகிறேன். அது அயனியாக்க முறை. சுடரில் உள்ள மின்னூட்டத் துகள்கள் மைக்ரோஆம்பியர் அளவில் மின்னோட்டத்தைக் கடத்துவதைக் கொண்டு சுடரின் இருப்பை உறுதி செய்கிறது. சுடர் போன நொடியிலேயே அறிந்துவிடும். ஆனால் அதற்கு வெளி மின்சாரமும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வேண்டும். மின்சாரம் இழுக்க முடிந்த இடம் என்றால் பரவாயில்லை. தெர்மோகப்பிளோ தனக்கு வேண்டிய மின்சாரத்தைச் சுடரிடமே பெற்றுக்கொள்கிறது. தனியே நிற்கும் விளக்குக்கு அந்தக் குணம் மிகப் பொருத்தமானது.

மேண்டில் விளக்கில் தெர்மோகப்பிள் முதன்மைச் சுடரைப் பார்க்க வேண்டியதே இல்லை. இரு மேண்டில்களுக்கும் நடுவே சிறிய பைலட் சுடர் ஒன்றை நிரந்தரமாக எரியவிட்டு, தெர்மோகப்பிள் அந்த பைலட்டைக் கண்காணிக்கும்படி அமையுங்கள். பைலட் எரியும் வரை எந்த மேண்டில் அணைந்தாலும் அதன் வாயு பைலட்டைத் தொட்டு மீண்டும் பற்றிக்கொள்ளும். பைலட் அணைந்தால் பைலட்டின் வாயு உட்பட எல்லாமே நிற்கும். இந்தத் தர்க்கம் பிழையில்லாமல் நடக்க, பைலட் இரண்டு பர்னர்களின் வாயிலையும் உண்மையாகவே எட்ட வேண்டும். ஒன்றை மட்டும் எட்டி, மற்றொன்றை அண்டைச் சுடர் பற்றவைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது.

இதைச் சோதிக்க ஒரு முறை உண்டு, பலர் செய்வதில்லை. முதன்மை பர்னர்களை அணைத்துவிட்டு, பைலட்டின் வாயுவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தெர்மோகப்பிள் வால்வை விட்டுவிடும் எல்லைக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். அந்த ஒடுங்கிய பைலட்டில், முதன்மை வாயுவைத் திறந்தால் இரு பர்னர்களும் உடனே, ஓசையின்றிப் பற்ற வேண்டும். சற்றுத் தாமதித்து 'பொப்' என்று பற்றினால் தெர்மோகப்பிள் தவறான இடத்தில் நிற்கிறது என்று பொருள். பர்னரைப் பற்றவைக்க வலுவில்லாத சுடரும் தெர்மோகப்பிளைச் சூடாக்கி, எல்லாம் நலம் என்று வால்வை நம்பவைக்கிறது. நடுவாந்தரமான இந்த நிலை, முற்றிலும் அணைவதைவிட ஆபத்தானது. முனையைச் சற்று விலக்கினால் பைலட் ஒடுங்கும்போதே அதன் வெப்பமும் குறைந்து வால்வு மூடும். முனையின் கடைசி 10 மி.மீ. அளவு சுடரில் நனைந்தால் போதுமானது.

கூண்டுக்குள் பொருத்தும்போது இன்னொன்று. தெர்மோகப்பிளுக்கு வேண்டியது இரு முனைகளுக்கு இடையிலான வெப்ப வித்தியாசம். மூடிய கண்ணாடிக் கூண்டில் குளிர்முனையும் மெல்லச் சூடேறி, மாலையில் நன்றாக எரிந்த விளக்கு நள்ளிரவில் காரணமின்றி அணையும். அதைக் கண்டவர் தெர்மோகப்பிள் கெட்டுவிட்டதென்று புதிது வாங்குவார், அதுவும் அவ்வாறே அணையும். குளிர்முனை அமையும் பிடிமானத்தின் அடிப்பகுதி கூண்டுக்குள் வரும் குளிர்ந்த காற்றோட்டத்தில் இருக்கும்படி வையுங்கள்.

நெம்புகோல்

வாயுவின் திசை அப்படி இருக்கும்போது நானும் பழையதை இயக்கத்தில் வைக்கச் சொல்லமாட்டேன். ஆனால் எடுத்து எறிந்துவிட வேண்டாம். கூட்டை அதன் இடத்திலேயே காட்சிக்கு வைத்துவிட்டு, வாயுவைத் தனிக் குழாயில் சுற்றிக் கொண்டுபோவதே சிறந்தது. வாயு அந்தக் கூட்டின் வழியாகவே போகட்டும், வால்வை மட்டும் எடுத்துவிடலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம். பொத்தானின் தண்டு வெளியே வரும் துளையே முதல் கசிவிடம்.

இன்னும் பேசப்படாத ஒன்று இருக்கிறது. சுடர் காற்றால் மட்டும் அணைவதில்லை. வாயு தீர்ந்தும் அணையும். நாணயம் போட்டால் வாயு தரும் மீட்டர்கள் பிரிட்டனில் 1880களின் இறுதியில் வந்தபோது இந்த ஆபத்து வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. நாணயத்துக்குரிய வாயு தீர்ந்து எல்லா விளக்குகளும் அணையும். குழாய்களை மூட ஒருவரும் நினைக்கமாட்டார்கள். பிறகு யாரோ ஒருவர் அடுத்த நாணயத்தைப் போட்டால், உறங்குபவரின் அறையில் உள்ள திறந்த குழாயிலிருந்து எரியாத வாயு வரத் தொடங்கும். உங்கள் விளக்கிலும் சிலிண்டர் தீர்ந்து, விளக்கின் குழாயை மூடாமலே புதிய சிலிண்டரை மாட்டினால் அதே நிலைதான். சுடரைப் பார்க்கும் வால்வு இருந்தால் அது ஏற்கெனவே மூடியிருக்கும் என்பதால் இந்த ஆபத்து தீர்கிறது. அழுத்தம் குறைந்தால் மூடும் வால்வை மட்டும் சிலர் காவலாக வைப்பார்கள். அது அழுத்தம் திரும்பியதும் தானாகத் திறக்கும் வகையாக இருந்தால் வைத்தும் பயனில்லை.

பழம்விளக்கு

பைலட் முறையே சரி என்று படுகிறது. எல்லாம் பொருத்திய பிறகு இறுதியாக எப்படிச் சோதிப்பது? எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை சோதிப்பது?

எரிமுனை

பொருத்தியதும் எல்லா இணைப்புகளிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பழைய ஜெட்டுகளை (வாயு பீறிட்டு வரும் நுண்துளை முனைகள்) எல்பிஜிக்கு உரியவையாக மாற்றியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். புரொப்பேனின் வெப்ப ஆற்றல் ஒரு கன மீட்டருக்கு நிலக்கரி வாயுவைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு என்பதால் அந்தத் துளைகள் மிகப் பெரியவையாக இருக்கும்.

பிறகு விளக்கைக் குறைந்தது அரை மணி நேரம் எரியவிட்டு, எல்லாம் முழுச் சூடான நிலையில் சோதியுங்கள். குளிர்ந்த விளக்கில் கிடைக்கும் நேரம் நம்மை ஏமாற்றும். விளக்கின் கைக்குழாயை மூடிச் சுடர்களை அணைத்து, அந்த நொடியிலிருந்து கடிகாரத்தைப் பார்த்தபடி காதைக் கொடுத்துக் கேளுங்கள். மின்காந்தம் விடும்போது 'டிக்' என்று தெளிவாக ஒலிக்கும். அந்த நேரம் ஒரு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். ஒலி கேட்ட பின், கூண்டின் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கைக்குழாயை மீண்டும் திறந்து, ஜெட்டின் வாயிலில் சோப்பு நீர் வைத்துப் பாருங்கள். ஒலி கேட்டது என்பதாலேயே வால்வு முழுவதும் அடைத்தது என்று ஆகாது. இருக்கையில் துரும்பு சிக்கினாலும் ஒலி கேட்கும். குமிழி வந்தால் வால்வைக் கழற்றி மாற்றுங்கள், தேய்த்துச் சரிசெய்ய முயல வேண்டாம்.

இந்தச் சோதனையை மேண்டில் மாற்றும் ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். மேண்டில் மாற்றும்போது கை பைலட்டின் பக்கம் போகும், தெர்மோகப்பிள் முனை சற்று வளையும், கண்ணுக்கே தெரியாது. பதிந்த நேரத்தை ஒரு தாளில் எழுதி விளக்கின் பராமரிப்புக் குறிப்போடு வையுங்கள். முன்பு 25 நொடியாக இருந்தது 45 நொடியானால், முனையில் என்ன படிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டிய நேரம் அது. சோதனைக்குப் பின் மீண்டும் பற்றவைக்குமுன் கூண்டின் கதவைச் சில நிமிடங்கள் திறந்தே வையுங்கள், அடியில் தேங்கியது வெளியேறட்டும். கூண்டின் அடித்தட்டில் காற்றுத்துளைகள் இல்லை என்றால், மற்ற எதையும் பொருத்துவதற்கு முன் அவற்றைப் போடச் செய்யுங்கள்.